பதினாலு கேள்வியும் ஒரு குட்டி மோட்டார் சைக்கிளும்

மார்கழி முடியப்போகிற ஒரு காலை. மயிலாப்பூரில் எங்கள் பிரசவ விடுதியின் உள்முற்றத்தில், வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் விடுதியின் காரியதரிசி வக்கீல் நரசிம்மய்யர், பஞ்சகச்சமும் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தார். மற்றதில் கமிட்டி மெம்பர், மாம்பலம் ஜவுளிக்கடை முதலியார். இருவருக்கும் எதிரே, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிறுத்திய மாதிரி, பட்டாளத்துப் பச்சை நிறத்தில் ஒரு குட்டி மோட்டார் சைக்கிள். அதற்குப் பக்கத்தில் நான்.

தாழ்வாரம் முழுக்க மூங்கில் தட்டி கட்டியிருந்தது. தட்டிக்குப் பின்னால் விடுதியின் கர்ப்பிணிகள் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் முற்றத்துக்குள் வரக் கூடாது என்பது விதி. கமிட்டி நாளுக்கு மட்டும் தட்டி கட்டி விலக்குக் கொடுப்பார்கள்.

அய்யர் கையில் நான் எழுதிய ஆறு பக்கம் இருந்தது. மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சுலோசனா, பன்னிரண்டாவது பதில்ல ‘விழுந்தேன்’னு ஒரே வார்த்தையா எழுதிட்டுக் கீழே ரெண்டு வரி விளக்கம் எழுதியிருக்கே. எங்க விழுந்தே? எப்படி விழுந்தே? ஒண்ணு விடாம சொல்லு.”

தட்டிக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்தக் காலை எப்படி முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால், அந்த வண்டி எங்கள் முற்றத்துக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மருத்துவச்சி மோட்டார் சைக்கிளுக்கு மார்க் போட்ட கதை யாருக்கும் புரியாது.

பஸ்ஸைத் தள்ளிய காலம்

யுத்தம் முடிந்து ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகியிருக்கும். எனக்கு இருபத்து நாலு வயது. சொந்த ஊர் சைதாப்பேட்டை. அப்பா அங்கே கோர்ட்டில் நகல் எழுதுகிறவர். நான் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து, மயிலாப்பூர் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பொறுப்பில் இருந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். அடையாறு, ஊரூர், திருவான்மியூர். வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும். இப்போது திருவான்மியூருக்குப் போவது ஒரு விஷயமே இல்லை. அப்போது அடையாற்றைத் தாண்டிவிட்டால் சவுக்குத் தோப்பும் மணலும்தான். ஜட்காக்காரர் பாலத்தோடு நிறுத்திவிடுவார். “குதிரைக்கு மணலு ஆவாதும்மா” என்பார்.

பஸ் ஒன்று உண்டு. பெட்ரோல் தட்டுப்பாட்டில் அதைக் கரிவாயுவில் ஓட்டினார்கள். பின்பக்கம் பீப்பாய் போல ஓர் அடுப்பு, அதில் கரி எரியும். பாலத்து ஏற்றம் வந்ததும் வண்டி மூச்சு வாங்கும். “இறங்கித் தள்ளுங்க சார்” என்பார் கண்டக்டர். சாருக்கு மட்டுமில்லை, எனக்கும் அதே உத்தரவுதான். பையை உள்ளே வைத்துவிட்டு நானும் தள்ளுவேன். ஒருநாள் முகமெல்லாம் கரியோடு ஊரூரில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, “கரி வேணாம்மா, நேத்துதான் வாங்கினோம்” என்று கதவைச் சாத்திவிட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. திருவான்மியூரில் ருக்கு என்று ஒரு பெண், இருபது வயது, தலைப்பிரசவம். ஆள் வந்து சொன்னதும் கிளம்பிவிட்டேன். பஸ் இல்லை. நடந்து போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது. குழந்தை நன்றாக இருந்தது. ரத்தம் போய்ப் போய் ருக்கு இறந்திருந்தாள். அவள் மாமியார் என்னைத் திட்டவில்லை. வெயிலில் வந்திருக்கிறாயே என்று உட்காரவைத்து மோர் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம்தான் கமிட்டியில் முதலியார் பேச்சை எடுத்தார். போய்ச் சேர முடியாத இடத்துக்கு ஆள் போட்டு என்ன பிரயோஜனம்? பாலத்துக்கு இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்னது நியாயமாகவும் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எண்ணெய் குடிக்கும் வண்டி

எங்கள் டாக்டரம்மா சும்மா இருக்கிறவர் இல்லை. பட்டாளத்தார் யுத்த சாமான்களையெல்லாம் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் சின்ன மோட்டார் சைக்கிள்கள் நாலு இருந்தன. ஆகாய விமானத்திலிருந்து குடை கட்டிக் கீழே போடுவதற்காகவே லேசாகச் செய்த வண்டிகளாம். பொங்கல் வரை நமக்காக ஒதுக்கிவைப்பார்கள், அதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் பரீட்சைக்காகக் கொண்டுவந்து கொடுத்தவர் காதர் பாஷா. ராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்தார். பட்டாள ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து, பாலைவனத்தில் எல்லாம் வண்டி பழுது பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

“இதுக்குப் பெட்ரோல்லயே எண்ணெய் கலந்து ஊத்தணும் டாக்டரம்மா. எண்ணெய் இல்லாட்டி இன்ஜினு புட்ச்சுக்கும்” என்றார் வாசலில் நின்றபடி.

இது உள்ளே போனதும் சேதி மாறிவிட்டது. ‘ஆமணக்கெண்ணெய் குடிக்கிற வண்டி வந்திருக்கு’ என்று தாழ்வாரமெல்லாம் பேச்சு. பிரசவத்துக்கு முன்னால் ஆமணக்கெண்ணெய் குடித்துக் கஷ்டப்பட்ட பெண்களுக்கு அதன்மேல் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். “சுலோ, இதை நீதான் ஓட்டிக் கத்துக்கிட்டு, நம்ம மத்த மூணு நர்சு மாதிரி கத்துக்குட்டிகளுக்கு இது சரிப்படுமான்னு எழுதித் தரணும்.”

“நானா டாக்டரம்மா? எனக்கு சைக்கிளே விடத் தெரியாதே. மாட்டைப் பார்த்தாலே தெருவைத் தாண்டிப் போறவ நான்.”

“அதனாலதான் உன்னைச் சொல்றேன். நீ கத்துக்கிட்டா யாரு வேணாலும் கத்துக்கலாம்.”

விடுதி ஆட்களில் நான்தான் குள்ளம் என்பதும் ஒரு காரணம். அதை அவர் சொல்லவில்லை.

மறுநாளே அய்யரிடமிருந்து ஒரு தாள் வந்தது. பதினாலு கேள்வி. வக்கீல் கேள்வி என்றால் வக்கீல் கேள்விதான். ‘ஆண் துணையின்றி வண்டியைக் கிளப்ப முடிகிறதா? உட்கார்ந்த நிலையில் இரு பாதமும் தரையில் படுகின்றனவா? சாய்ந்து விழுந்தால் தனியாளாக நிமிர்த்த முடியுமா? மருந்துப் பையில் உள்ள கண்ணாடிச் சாமான்கள் உடையாமல் போய்ச் சேருமா? புடவையுடன் ஏறி இறங்குவது கௌரவமாக இருக்குமா?’ இப்படிப் போய்க் கடைசிக் கேள்வி: ‘இந்த வண்டியை உமது சொந்தத் தங்கைக்குக் கொடுப்பீரா?’

எனக்குத் தங்கை கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வியைப் படித்த பிறகு அய்யர்மேல் மரியாதை கூடியது.

சுவருக்கு அந்தப் பக்கம்

முற்றத்தில்தான் பழக வேண்டும். காதர் பாஷா முற்றத்துக்குள் வரக் கூடாது. என்ன செய்வது?

“நான் வெளில சந்துல நின்னுக்கறேன்” என்றார் காதர் பாஷா. “இன்ஜினு சவுண்டு கேட்டா போதும், உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுபூடும்.”

நான் நம்பவில்லை. முதல்நாள் காலை வண்டியில் உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படிந்தன. அந்த ஒரு விஷயத்திலேயே பாதிப் பயம் போய்விட்டது. கிளப்புகிற மிதியை உதைத்தேன், உதைத்தேன், ஏழு தடவை உதைத்தேன்.

சுவருக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. “நர்ஸம்மா, ஒதைக்காத! மாடிப்படி ஏர்ற மாதிரி மொத்த ஒடம்பையும் வச்சு ஏறு!”

ஏறினேன். படபடவென்று பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் கைதட்டல்.

“இப்ப கிளச்ச வுடு! மெதுவா! கொயந்தைய தொட்டில்ல போடுவியே, அந்த மாதிரி!”

அவர் சொன்ன பாஷை எனக்குப் புரிகிற பாஷை. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி விரல்களைத் தளர்த்தினேன். வண்டி நகர்ந்தது. நகர்ந்து நேரே போய்த் துவைத்த துணி காய்கிற கொடிக்குள் புகுந்தது.

“இன்னாம்மா, சவுண்டு அமுங்கிச்சே? துணிக்குள்ள பூந்துட்டியா?”

இரண்டு வாரம் இப்படியே நடந்தது. அவர் முகத்தைப் பார்க்காமலே கற்றுக்கொண்டேன். டாங்கிக்குப் பக்கத்தில் கையால் தள்ளுகிற கியர், மூன்றே மூன்று. இன்ஜின் அழுதால் மாற்ற வேண்டும், முனகினால் குறைக்க வேண்டும். பிரசவ அறையில் பாதி வேலை காதால்தான். அதனால் எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டது.

வண்டியைப் படுக்கப்போட்டுத் தூக்கியும் பார்த்தேன். முதுகை வளைத்தால் அசையவில்லை. முழங்காலை மடக்கி, நோயாளியைக் கட்டிலுக்கு ஏற்றுகிற மாதிரி தூக்கினேன், எழுந்து நின்றது. மருந்துப் பைக்குப் பதிலாக வடக்கு மாட வீதியில் வாங்கிய ஒரு டஜன் கண்ணாடி வளையலைத் துணியில் சுற்றிப் பையில் போட்டு, முற்றத்தை முப்பது சுற்றுச் சுற்றினேன். இரண்டு உடைந்தன. பைக்கு அடியில் பஞ்சுமெத்தை ஒன்று வைத்துத் திரும்பச் சுற்றினேன். ஒன்றும் உடையவில்லை. அந்தப் பத்து வளையலையும் தாழ்வாரத்துப் பெண்கள் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள்.

ஒன்பது கஜம்

புடவை விஷயம்தான் பெரிய தலைவலியாக இருந்தது. ஆறு கஜத்தை எப்படிச் சொருகினாலும் ஒரு முனை சங்கிலிப் பக்கம் போனது. காதர் பாஷா பிஸ்கட் டின்னை வெட்டிச் சங்கிலிக்கு மூடி போட்டுக் கொடுத்தார். அப்படியும் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது எப்படி?

சமையல்கட்டிலிருந்து அலமேலு மாமி எட்டிப் பார்த்தார். விடுதிச் சமையல் அவர் கையில்தான்.

“ஏண்டி இப்படித் தவிக்கிறே? ஒம்பது கஜத்தை மடிசாரா கட்டிண்டு ஏறேன். அதைக் கட்டிண்டா குதிரைமேலகூட உக்காரலாம்.”

அவர் புடவையையே எடுத்துவந்து கட்டிவிட்டார். இடுப்பைச் சுற்றி, காலிடுக்கில் கொண்டுபோய்ப் பின்னால் சொருகியதும் அது பாதிப் புடவை, பாதிக் கால்சட்டை ஆகிவிட்டது. ஏறினேன், இறங்கினேன். ஒரு நூல் எங்கும் மாட்டவில்லை.

“பாத்தியா? இத்தனை நாளா இந்த மடிசாரை அடுப்பு முன்னாடியே வீணடிச்சிண்டிருந்தேன்” என்றார் மாமி.

அதே கோலத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் சைதாப்பேட்டை போனேன். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னடி இது? ஐயர் வீட்டுப் பொண்ணா மாறிட்டியா?”

“வண்டிக்காகக் கட்டிக்கிட்டேம்மா.”

“வண்டியையே கட்டிக்கப் போறேன்னு சொல்லு. இனிமே எவன் வரப்போறான்!”

அப்பா மட்டும் நகலெழுதும் பழக்கத்தில், அதுவரை நான் எழுதியிருந்த ஐந்து பக்க அறிக்கையை வாங்கி, எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தார். பக்கத்துக்கு ஒன்றாக ஐந்து பிழை.

மணலில்

கடைசிப் பரீட்சை, உண்மையான பாதை. விடிந்து வெயில் ஏறிய பிறகு கிளம்பினேன். முன்னாலும் பின்னாலும் கற்றுக்குட்டி என்பதற்கு அடையாளமாகச் சிவப்பில் ‘எல்’ என்று எழுதிய தகரம். காதர் பாஷா சைக்கிளில் பின்னால் வந்தார்.

அடையாற்றுப் பாலத்தில் கடல்காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. பயத்தில் இல்லை. எத்தனை தடவை அந்தப் பாலத்தின்மேல் பஸ்ஸைத் தள்ளியிருப்பேன்! அன்று அந்தக் கரிவாயு பஸ் ஏற்றத்தில் நின்றிருந்தது, ஜனங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் படபடவென்று அவர்களைத் தாண்டிப் போனேன். கண்டக்டர் எனக்கு சலாம் போட்டார்.

பாலத்து முனையில் மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மாள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, “அது ‘எல்’லும்மா” என்றார்.

“எல்லுன்னா இன்னா? லேடியா?”

“கத்துக்குட்டின்னு அர்த்தம்மா” என்றேன்.

“கத்துக்கோ, கத்துக்கோ. நல்லா கத்துக்கினு என்னையும் மார்க்கட்டுக்கு இட்டுக்கினு போ.”

திருவான்மியூர் ரோட்டில் சவுக்குத் தோப்பு தாண்டியதும் காற்றடித்துக் குவித்த மணல் வந்தது. வேகத்தைக் குறைக்க வலது கையால் முன்பிரேக்கைப் பிடித்தேன். முன்சக்கரம் மணலுக்குள் மடங்கியது. அடுத்த நிமிஷம் நான் ஒரு பக்கம், பை ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

காதர் பாஷா சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். “ஐயய்யோ, வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே!” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே நர்ஸம்மா?”

முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ரோட்டோரம் உட்கார்ந்து மணலைத் தட்டினேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினார்.

“ஒண்ணு சொல்லட்டுமா? இந்த மணலு சமாசாரத்த மட்டும் எய்தாதீங்க. மொதலியாருக்கு இது ஒண்ணு போதும். நாலு வண்டியும் போய்டும், ஒங்க ரவுண்டும் போய்டும்.”

அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் மிச்ச மூன்று வண்டியை ஓட்டப்போகிற நர்சுகள் மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். நான் எழுதாமல் விட்டால் அவர்களில் ஒருவர் இதே இடத்தில், இதே பிரேக்கைப் பிடிப்பார்.

அன்று சாயங்காலம், ‘ரோட்டில் ஓட்டியபோது என்ன நேர்ந்தது?’ என்ற பன்னிரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதினேன். ‘விழுந்தேன். மணலில் முன்பிரேக் பிடிக்கக் கூடாது. கற்றுக்குட்டிக்கு இது தானாகத் தெரியாது.’ மற்ற இரண்டு குறைகளையும் எழுதினேன். இன்ஜின் மெதுவானால் விளக்கும் மங்கிவிடுகிறது. எண்ணெய் அளவு கூடினால் பிளக் கரியடைத்து வண்டி நின்றுவிடுகிறது. கொண்டை ஊசியால் சுரண்டினால் சரியாகும், ஆனால் அதற்குப் பழக வேண்டும். பதினொன்று நல்ல பதில், மூன்று கெட்ட பதில். காதர் பாஷாவிடம் சொன்னபோது, “சரி, இன்ஷா அல்லா” என்று ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டார்.

சாட்சி

இனி முற்றத்துக்கு வருவோம்.

மணலில் விழுந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். முழங்கைச் சிராய்ப்பைக்கூடக் காட்டினேன்.

முதலியார் தலையை ஆட்டினார். “நான் சொல்லலீங்களா அய்யரே? இந்தப் பொண்ணு வயசுப் பொண்ணு, விழுந்தா எழுந்துக்கும். மத்த மூணு பேரும் பேரன் பேத்தி எடுத்தவங்க. அவங்களால இந்த வயசுல புதுசா ஒண்ணைக் கத்துக்க முடியுமா?”

வாசலோரம் நின்றிருந்த டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அய்யர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கேள்வி நியாயமானது. இதைப் பதினாலுல நான் கேக்காம விட்டுட்டேன். இதுக்கு வயசான சாட்சி ஒருத்தர் வேணும்.” சுற்றுமுற்றும் பார்த்தார். “எனக்கு அம்பத்தெட்டு ஆறது. சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை. என்னைவிட மோசமான கத்துக்குட்டி மயிலாப்பூர்ல கிடைக்க மாட்டான்.”

எழுந்து தலைப்பாகையைக் கழற்றி முதலியாரின் மடியில் வைத்தார். கோட்டைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டினார். பஞ்சகச்சத்தை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கிளச், கியர், பிரேக் எல்லாம் காட்டினேன். ரொம்பக் கவனமாகக் கேட்டார். மூன்றாவது மிதியிலேயே கிளப்பினார். வண்டி நகர்ந்தது. வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நாங்கள் கைதட்டினோம். இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. நாலாவது சுற்றில் என்னைத் தாண்டும்போது, “சுலோசனா, நிறுத்தறது எப்படின்னு சொன்னே?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆறாவது சுற்றில் சுவருக்கு வெளியிலிருந்து இடி மாதிரி ஒரு குரல்.

“இன்னாம்மா இது, எருமமாடு ஓட்டற மாதிரி ஓட்டிக்கினு கீற? இன்ஜினு கதறுதே, காதுல வுயலியா?”

கமிட்டி நாள் என்று தெரிந்துதான் காதர் பாஷா சந்தில் வந்து நின்றிருந்தார். ஆனால் வண்டியில் இருப்பது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? புதிதாக வந்த ஏதோ ஒரு நர்ஸம்மா என்று நினைத்துவிட்டார்.

“சும்மா குந்திக்கினு சுத்திக்கினே இருந்தா வண்டி நிக்குமா? மொதல்ல கையைத் திருகறத நிறுத்து!”

அய்யர் திருகுவதை நிறுத்தினார்.

“ஆங்! இப்ப கிளச்சு! மடியில கொயந்தையப் புடிக்கிற மாதிரி கெட்டியாப் புடி! முந்தானைய இஸ்த்து சொருவிக்கோ!”

அய்யர் கிளச்சைப் பிடித்தார். முந்தானை விஷயத்தில் மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

“இப்ப காலு பிரேக்கு! கை பிரேக்கத் தொட்டே, நான் உள்ள வந்துடுவேன்! மெதுவா மிதி, மெதுவா! பயப்படாத தாயி, நான் கீறேன்!”

வண்டி சரியாக முதலியாரின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது. அய்யர் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றினார். இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது.

“நின்னுடுச்சா? சோக்கு! போய் ஒரு லோட்டா தண்ணி குடி தாயி!”

அவ்வளவுதான். தட்டிக்குப் பின்னால் அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் பீறிட்டது. தட்டி ஆடியது. டாக்டரம்மா முகத்தை மூடிக்கொண்டார். முதலியார் தலைப்பாகையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கினார். அது அய்யருடைய தலைப்பாகை.

அய்யர் இறங்கி, நிதானமாக வாசல் கதவைத் திறந்துகொண்டு சந்துக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். காதர் பாஷா அவரைப் பார்த்ததும் வெளிறிவிட்டார்.

“சாமி… நான் நர்ஸம்மான்னு நெனச்சு…”

“அப்பா, முப்பது வருஷமா கோர்ட்ல நான் பேசி மத்தவா கேட்டிண்டிருக்கா. இன்னிக்குத்தான் ஒருத்தர் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். நீ மட்டும் இல்லேன்னா நான் இன்னும் சுத்திண்டிருப்பேன்.” காதர் பாஷாவின் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார்.

அவர் திரும்பி உள்ளே வருவதற்குள் தாழ்வாரத்தில் வேறொரு கலவரம். தனபாக்கியம் என்று சிந்தாதிரிப்பேட்டைப் பெண், பத்து நாள் கழித்துத்தான் பிரசவம் என்று கணக்குப் போட்டிருந்தோம். சிரித்த சிரிப்பில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. வலிக்கு நடுவில் “தாயி, தண்ணி குடி தாயி” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மத்தியானத்துக்குள் ஆண் குழந்தை. அவ்வளவு சுலபமான பிரசவத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தபோது கமிட்டி முடிந்திருந்தது. என் அறிக்கையின் அடியில் அய்யர் எழுதியிருந்தார்: ‘நாலு வண்டியும் வாங்கலாம். அடையாற்றிலிருந்து ஒரு வண்டி மணல் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டவும். கற்றுக்கொள்பவர் அனைவரும் அதில் ஓட்டிப் பழகிய பிறகே ரோட்டுக்குப் போகலாம்.’ அதற்குக் கீழே முதலியார் கையெழுத்து. மணல் வண்டிக்கு ஏற்பாடு செய்ததும் முதலியார்தான்.

கடைசிக் கேள்விக்கு நான் எழுதியிருந்த பதில், ‘கொடுப்பேன். முதல் மாதம் பின்னாலேயே ஓடுவேன்.’ அந்த வரியின் பக்கத்தில் அய்யர் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். சரி என்று அர்த்தமா, பிழை என்று அர்த்தமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சீக்கிரம் வந்துவிட்டேன்

தை பிறந்து சில நாள் கழித்து, திருவான்மியூர் குப்பத்திலிருந்து காலையில் ஆள் வந்தது. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மணல் வந்த இடத்தில் கையைத் தொடாமல் காலால் மட்டும் மிதித்து, ஊர்ந்து தாண்டினேன். குப்பத்தில் கடைசி வீடு. வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்த மாமியார்க்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாம்மா, அதுக்குள்ள வந்துட்ட? இப்பதானே ஆளு அனுப்பிச்சேன். வலியே இன்னும் நல்லா எடுக்கலியே!”

உள்ளே போனேன். கையைக் கழுவினேன். வெந்நீர் போட்டேன். துணிகளை எடுத்து அடுக்கினேன். அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. எனக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. திருவான்மியூரில் நான் ஒருநாளும் சும்மா உட்கார்ந்ததில்லை.

கர்ப்பிணிப் பெண் மெல்ல எழுந்து வாசலுக்கு வந்தாள். வண்டியைப் பார்க்க வேண்டுமாம். நடப்பது நல்லதுதான் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தாள்.

“சூடா கீதே! ஜுரமா?”

சிரித்தோம். அடுத்த வலி வந்தபோது அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் இடுப்பைத் தேய்த்துவிட்டேன். கடல் அன்று ரொம்ப அமைதியாக இருந்தது. மாமியார்க்காரி கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து கொடுத்தாள். நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உச்சி வெயிலில் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவும் நலம், குழந்தையும் நலம். அது முதல் மூச்சு இழுத்து அழுதபோது நான் அங்கே இருந்தேன்.